மலையடிவார வகுப்பறைக்கு வந்த கடல்

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புக்குக் கடல் உணவுச் சங்கிலியை நடத்தியபோது நான் ஒரு தவறு செய்தேன். திமிங்கலம் வரை பாதிக்கும் அளவுக்கு மீன்வளம் குறையக் காரணம் என்ன என்று கேட்டேன். பதில் வருமுன் நானே கரும்பலகையில் ‘மீனவர்களின் பேராசை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இரண்டாம் வரிசையில் ஒரு மாணவி குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டாள். அவளுடைய அம்மா சந்தையில் மீன் விற்பவர், மாமா கடலூரில் விசைப்படகுக்குப் போகிறவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

திருவண்ணாமலையிலிருந்து கடற்கரை நூறு கிலோமீட்டருக்கு மேல். என் வகுப்பில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. அவர்களுக்கு மீன் என்றால் சாத்தனூர் அணையின் கட்லா, இல்லையேல் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் சங்கரா. கண்ணில் படாத மனிதர்கள் மேல் பழி போடுவது எளிது. நானும் அதைத்தான் செய்திருந்தேன். பாடத்தை மூன்று பாடவேளைகளாகப் பிரித்து மறுபடி நடத்தினேன்.

முதல் நாள் மணப்பாட்டிலிருந்து தொடங்கினேன். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கரையோரம் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. ஏறத்தாழ பாதி இறந்தன. மற்றவற்றைப் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டவர்களில் உள்ளூர் மீனவர்கள் இருந்தார்கள். அவற்றில் சில திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. 1973இலும் இதே கடலோரத்தில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கியிருக்கின்றன. கூட்டத்தை விட்டுப் பிரியாத உயிரினம் இது என்றதும் வகுப்பு அமைதியானது. மூடிய குறிப்பேடும் அன்று திறந்தது.

அதன் பிறகே உணவுச் சங்கிலிக்கு வந்தோம். பைலட் திமிங்கலத்தின் முக்கிய உணவு கணவாய். கணவாய்க்குச் சிறு மீன்கள், சிறு மீன்களுக்கு மிதவை உயிரிகள். திமிங்கலத்தின் கழிவு கடலின் மேற்பரப்பில் உரமாகி, மிதவைத் தாவரங்களை வளர்க்கிறது. ஆகவே இது சங்கிலி அல்ல, வட்டம் என்று ஒரு மாணவன் திருத்தினான். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 29 லட்சம் திமிங்கலங்கள் வேட்டையாடப்பட்டன. அவற்றைக் கொன்றவை தொழிற்சாலைக் கப்பல்கள். வணிக வேட்டைக்கான பன்னாட்டுத் தடை 1986இல் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்குத் திமிங்கலங்களுக்கும் ஓங்கில்களுக்கும் பெரிய ஆபத்து, வேறு மீனுக்காக விரித்த வலையில் சிக்குவது.

இரண்டாம் நாள் தட்டு நிறையக் கொண்டைக்கடலை. 32 கடலைகள்தான் மொத்த மீன்வளம், நான்கு மாணவர்கள் நான்கு படகுகள். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் எஞ்சிய கடலை இரு மடங்காகும். ஆனால் 32க்கு மேல் போகாது. விதி இவ்வளவுதான். இரண்டே சுற்றில் தட்டு காலி. ஏன் என்று கேட்டதற்கு ஒருவன் சொன்னான்: “எல்லாரும் அள்ளும்போது நான் மட்டும் விட்டா எனக்குத்தானே நட்டம், டீச்சர்?” நான் பேராசை என்று எழுதிய இடத்தில் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் அவர்களே கூடிப் பேசி, ஆளுக்கு நான்கு என்று முடிவு செய்தார்கள். 16 போக 16 மிச்சம், மறுபடி 32. எத்தனை சுற்று ஆடினாலும் தட்டு நிறைந்தே இருந்தது. ஆளுக்கு ஐந்து எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கச் சொன்னேன். முதல் சுற்றுக்குப் பின் 24, அடுத்ததற்குப் பின் 8. மூன்றாவதில் ஆளுக்கு ஐந்து கிடையாது. ஒரே ஒரு கடலைதான் வித்தியாசம். இதைக் கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து செய்தால் இன்னும் நன்றாக இருக்கும்; கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன்வளம் சரிந்து 1992இல் மீன்பிடிப்பையே நிறுத்தியதை அங்கே சேர்த்துச் சொல்லலாம்.

மூன்றாம் நாள், உண்மையான கடலில் இந்த ‘ஆளுக்கு நான்கு’ எப்படி இருக்கும் என்று கேட்டேன். குறிப்பேட்டை மூடியவள்தான் எழுந்தாள். “சித்திரையில ரெண்டு மாசம் போட்டு கடலுக்குப் போவாது, டீச்சர். மீனு முட்டை போடுற நேரம். அப்ப அம்மா அணை மீன்தான் விப்பாங்க.” மீன்பிடித் தடைக்காலத்தை அன்று வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். நான் தேதிகளை மட்டும் சேர்த்தேன்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017இல் நீண்டது. தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை. கடலோர மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. “எங்கம்மாவுக்கு?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

இழுவலையின் மடியில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. அட்டையில் அளவுகோல் வைத்து அந்த ஓட்டையை வெட்டி, காகித மீன்களை நுழைத்துப் பார்த்தார்கள். சுருக்குமடி வலை பற்றியும் பேச்சு வந்தது. 2000இல் தமிழ்நாடு தடை செய்த அந்த வலையை, 2023இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரு நாள் மட்டும் அனுமதித்தது. மீனவர்களுக்குள்ளேயே இதில் இரு தரப்பு உண்டு. வகுப்பும் இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. மணி அடித்தும் முடியவில்லை.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஜூனில் பள்ளி திறந்ததும் மீன் விலைக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினாள். முதல் வாரத்தில் கட்லா, ரோகு, ஜிலேபி ஆகியவற்றின் எதிரே விலை இருக்கிறது. வஞ்சிரத்துக்கு எதிரே ‘போட்டு இன்னும் போவல’ என்று எழுதியிருக்கிறாள்.