வீட்டை விற்குமுன் மழைக்குக் காட்டு

கஹவத்தை

அன்பு மருமகனுக்கு,

என் அக்கா, உன் அம்மா, போன பிறகு பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்றுவிடலாம் என்று எழுதியிருந்தாய். சரிதான். ஆனால் தரகர் வருமுன் பெயின்ட் அடிக்க ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறாயே, அதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். வெடிப்புகளை மூடிவிட்டால், எது பழையது எது புதியது என்று நமக்கே தெரியாமல் போய்விடும்.

முதலில் வீட்டைச் சோதித்துப் பார்ப்போம். அமெரிக்காவில் வீட்டைச் சோதித்துச் சொல்வதே தனித் தொழில். 1976இலேயே அந்த ஆட்கள் சங்கம் அமைத்துவிட்டார்கள். வாங்குகிறவர்தான் வழக்கமாக அவர்களை அழைப்பார். விவரம் தெரிந்த சிலர் விற்பதற்கு முன்பே அழைத்துவிடுவார்கள். இங்கே நமக்கு ஒரு மேசன் பாஸ், ஒரு வயரிங் பாஸ், இரண்டு கண் போதும். மழையும் வேண்டும்.

மழை ஏன் என்று கேட்பாய். நான் பெல்மதுளைப் பக்கம் இருந்த வீட்டை விற்றது ஒரு பெப்ரவரி வெயிலில். அட்வான்ஸ் வாங்கியாயிற்று. உறுதி எழுத இரண்டு நாள் இருக்கையில் மழை கொட்ட, வாங்குகிறவர் வந்து நின்ற நேரம் பார்த்துக் குசினி மூலையில் தண்ணீர் வழிந்தது. விலகியிருந்தது இரண்டே இரண்டு ஓடு. அதைக் காட்டியே ஒரு லட்சம் குறைத்துவிட்டார். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு நான் சொன்ன ஒன்றையும் அவர் நம்பவில்லை. நல்ல கிணற்றைக்கூட எட்டிப் பார்த்துச் சந்தேகப்பட்டார்.

ஆகவே மழை நாளில் வா. டோர்ச்சை எடுத்துக்கொண்டு கூரைக்குள் பார். கைமரத்தைத் தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தால் கறையான் உள்ளே இருக்கிறது. பின்பக்கத்து அஸ்பெஸ்டஸ் சீட்டை நீயாக உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்து. விழவில்லையென்றால் வயரிங் பாஸுக்குச் சொல்லிவிடு.

இதெல்லாம் வீட்டுக்குள். நம்ம ஊரில் வீட்டைவிட வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேடுதான் முக்கியம். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலையே இறங்கியது. அடுத்த மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் பட்டது உனக்கு நினைவிருக்கும். 2025 நவம்பரில் டிட்வா புயல் வேறு. இப்போது வாங்க வருகிறவன் தரையில் பதித்த டைல்ஸைப் பார்ப்பதற்கு முன் மேட்டைத்தான் நிமிர்ந்து பார்க்கிறான். மேட்டில் மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, மண்ணில் நீளமாக வெடிப்பு ஓடுகிறதா, புதிதாக ஊற்று கிளம்பிக் கலங்கலாக வருகிறதா என்று பார். நேற்றுவரை நன்றாக மூடிய கதவு இன்று இடிக்கிறதென்றால் மரம் ஊறியதாகவும் இருக்கலாம், அத்திவாரம் நகர்ந்ததாகவும் இருக்கலாம். இதை மேசன் பாஸால் தீர்மானிக்க முடியாது. இரத்தினபுரியில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது, அங்கே விண்ணப்பம் கொடு. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவதற்கு 2011இலிருந்து அவர்களின் சிபாரிசு வேண்டும். வாங்குகிறவர் நாளைக்கு ஒரு அறை கூட்டிக் கட்ட நினைத்தாலும் அங்கேதான் போய் நிற்பார். நாம் முந்திக்கொள்வோம்.

இன்னொன்று, வெளியூர்க்காரருக்குத் தோன்றாதது. பக்கத்துக் காணியில் எப்போதாவது மாணிக்கக் குழி வெட்டினார்களா? நிரப்பிய குழியின் மண் வருடக்கணக்கில் தாழும். வயதானவர்களிடம் விசாரித்து வைக்கிறேன்.

பேப்பர் வேலை உனக்குத் தெரியும். 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத காணி விற்பனை செல்லாது. லயத்துக் காம்பராவில் பிறந்த நமக்கு உறுதியின் அருமையைச் சொல்லவா வேண்டும்? மூன்று தலைமுறை இருந்த காம்பராவை விற்க நமக்கு உரிமையில்லை, கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. உன் அம்மா கொழுந்துக் காசில் சீட்டுப் போட்டு வாங்கிய இந்தப் 15 பேர்ச்சஸ்தான் நம் குடும்பத்தின் முதல் உறுதி.

கண்டுபிடித்த குறையை என்ன செய்வது? சின்னதைத் திருத்து. பெரியதை எழுதிக் காட்டி, அதற்கேற்ற விலையைச் சொல். மூடி மறைத்து விற்றால் உறுதி எழுதியதோடு விட்டது என்று நினைக்காதே. நம் நாட்டில் நடக்கும் ரோமன் டச்சுச் சட்டப்படி, பார்த்தால் தெரியாத குறைக்கு விற்றவர்தான் பொறுப்பு. வாங்கியவர் விலையைக் குறைக்கச் சொல்லியும் விற்பனையை ரத்துச் செய்யச் சொல்லியும் வழக்குப் போடலாம். அதுவும் போகட்டும். அந்த மேட்டுக்குக் கீழே நாளைக்குப் படுக்கப் போவது இன்னொருவரின் பிள்ளைகள்.

வரும்போது அம்மாவின் உறுதியையும் நில அளவைப் படத்தையும் மறக்காமல் எடுத்து வா. ஏணி என்னிடம் இருக்கிறது.

உன் மாமா