போட்டி மானியமா, பங்கீட்டு மானியமா?

பள்ளிச் சீர்திருத்தத்துக்கான பணத்தை எல்லாருக்கும் கணக்குப்படி பகிர்வதா, போட்டி வைத்து வென்றவர்களுக்கு மட்டும் கொடுப்பதா? அமெரிக்கா இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது.

சட்டத்தையோ விதியையோ மாற்றுவதுதான் நோக்கம் என்றால் போட்டி பலன் தரும். ஒபாமா அரசு 2009-இல் அறிவித்த ‘ரேஸ் டு தி டாப்’ திட்டத்துக்கு 435 கோடி டாலர். ஆசிரியர் மதிப்பீடு, பாடத்தரம், பின்தங்கிய பள்ளிகளை மீட்பது என்று பிரித்து 500 மதிப்பெண் வைத்தார்கள். முதல் சுற்றில் 40 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் விண்ணப்பித்தன. வென்றவை டெலவேர், டென்னசி இரண்டுதான். ஆனால் வெறுங்கையோடு திரும்பிய மாநிலங்கள் பலவும் மதிப்பெண்ணுக்காகச் சட்டங்களைத் திருத்தியிருந்தன. வேறெந்த மானியமும் இவ்வளவு வேகத்தில் இதைச் சாதித்திருக்காது.

வகுப்பறையின் அன்றாடத் தேவைக்கு இந்த வழி ஆகாது. 2010-இல் இரண்டாம் சுற்றில் நியூ ஜெர்சிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2008, 2009 ஆண்டுகளின் கல்விச் செலவை ஒப்பிட்டுக் காட்டச் சொன்ன இடத்தில் வேறு ஆண்டுகளின் கணக்கைக் கொடுத்துவிட்டார்கள். போனது ஏறத்தாழ 5 மதிப்பெண். மாநிலம் தோற்றதோ 3 மதிப்பெண்ணில். சுமார் 40 கோடி டாலர் கைநழுவியது, கல்வி ஆணையரின் பதவியும் பறிபோனது. தாளை நிரப்பியவர்களின் பிழைக்கு அம்மாநிலத்தின் நேவார்க், கேம்டன் நகரங்களில் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் ஏன் இழக்க வேண்டும்? எனக்கு இது ஆறவே இல்லை.

பங்கீட்டு மானியத்தில் இந்த ஆபத்து இல்லை. 1965-இல் தொடங்கிய ‘டைட்டில் ஒன்’ ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துப் பணம் தருகிறது. அடுத்த ஆண்டும் பணம் வரும் என்று நம்பி ஒரு பள்ளி, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கென்று தனி ஆசிரியரை அமர்த்தலாம். போட்டிப் பணம் நான்கே ஆண்டு. அதற்குப் பின் அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? பங்கீட்டின் குறை, எதையும் மாற்றாதவர்களுக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும் என்பது.

மூன்றாவது வழியும் உண்டு: ஆதாரத்தின் வலுவுக்கேற்பப் பணம் தருவது. 2010-இல், புதுமை முயற்சிகளுக்கான ‘ஐ த்ரீ’ திட்டத்தில் ஆதாரம் வலுவாக இருந்தால் 5 கோடி டாலர் வரை, புது யோசனைக்கு 50 லட்சம் வரை கிடைத்தது. புதிய கற்பிப்பு முறையைச் சோதிக்க நினைப்பவர்கள் இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும்.

போட்டியால் மாணவர்களின் தேர்ச்சி உயர்ந்ததா? தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றது 2016-இல் வந்த அமெரிக்க மத்திய அரசின் மதிப்பீடு. ஆகவே பெரும்பகுதியைப் பங்கீட்டுக்கே விடுங்கள். சிறுபகுதிக்குப் போட்டி வைத்தால், கவனப் பிழைகளைத் திருத்திக்கொள்ள விண்ணப்பதாரர்களுக்கு ஒரு வாரமாவது கொடுங்கள்.