டெபிட்டா, டெபாசிட்டா? இங்கிலீஷ் சொற்களைப் பொருளோடும் ஒலியோடும் பிடிப்பது எப்படி



ஒரு குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி இந்த மாதப் பாடத்தை ஆரம்பிக்கிறோம். சந்தா வசூல் முடிந்து உள்கடன் பேச்சு தொடங்கிய நேரம். உறுப்பினர் அக்கா ஒருவர், “எனக்கு இந்தத் தடவை கடன் வேண்டாம். பால் பணம் வந்திருச்சு. மூணு நாளா செல்லுல மெசேஜ் வருது” என்று சந்தோஷமாகச் சொன்னார். மகளுக்கு நர்சிங் படிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், அதற்குச் சரியாக இருக்கும் என்றார்.

செல்லை வாங்கிப் பார்த்தோம். முதல் நாள் 5,000 ரூபாய், மறுநாள் 5,000, அதற்கு அடுத்த நாள் 4,000. மூன்று மெசேஜிலும் இருந்த சொல் ‘டெபிட்டட்’. அக்கா எழுத்துக்கூட்டி வாசித்து, முதல் இரண்டு எழுத்தை வைத்து, அதை ‘டெபாசிட்’ என்று எடுத்துக்கொண்டார். வந்த பணம் இல்லைங்க அது. போன பணம்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. நாலு நாளைக்கு முன்னால் ஒருவன் போன் பண்ணி, பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஒரு ஆப்பை இறக்கச் சொல்லியிருக்கிறான். செல்லில் வந்த ஓடிபி நம்பரையும் கேட்டு வாங்கியிருக்கிறான். அந்த நம்பர் வந்த மெசேஜிலேயே ‘டூ நாட் ஷேர்’ என்று இருந்தது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று பொருள். எழுதியிருந்து என்ன பயன்? அது இங்கிலீஷில் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குப் பேசினோம். வங்கிக்குப் போய்க் கணக்கை முடக்கினோம். போன 14,000 ரூபாயில் இதை எழுதும் வரை ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. கட்டணத்துக்குக் குழுதான் உள்கடன் கொடுத்தது.

இதில் மனதை அறுக்கிற சங்கதி ஒன்று உண்டு. 2017-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, நம் கணக்கில் நாம் செய்யாத பரிமாற்றம் நடந்தால், அதை வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஓடிபி சொன்னது நம் தவறாக இருந்தாலும், தெரிவித்ததற்குப் பின்னால் போவது நம் தலையில் விழாது. அப்படியானால் முதல் மெசேஜைச் சரியாக வாசித்து அன்றைக்கே சொல்லியிருந்தால் பின்னால் போன 9,000 ரூபாய் தப்பியிருக்கும். அந்தக் குழுவுக்கு நாலு வருஷமாகப் போய்வருகிறோம். கையெழுத்துப் போடவும் கணக்கு எழுதவும் சொல்லிக் கொடுத்தோம். இந்த ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறோம்.

சரி, பாடத்துக்கு வருவோம்.

‘டெபிட்’ என்றால் பற்று, கணக்கிலிருந்து போனது. ‘டெபாசிட்’ என்றால் கணக்கில் போட்டது. தமிழில் எழுதினால் இரண்டிலும் ஒரே ‘ப’தான். ஆனால் இங்கிலீஷில் வேறு வேறு எழுத்து, வேறு வேறு ஒலி. நம் வாய்க்கு இந்த இரண்டு ஒலியும் புதுசு இல்லை. ‘அப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். இப்போது ‘கோபம்’ என்று சொல்லுங்கள். ‘அப்பா’வில் வரும் ‘ப’ கெட்டியாக வெடிக்கிறது. ‘கோப’த்தில் வரும் ‘ப’ தொண்டை அதிர, மெத்தென்று வருகிறது. தமிழில் இந்த வித்தியாசம் தானாக வந்துவிடுவதால் நாம் கவனிப்பதே இல்லை. இங்கிலீஷில் இதற்குத் தனித்தனி எழுத்து வைத்திருக்கிறார்கள்.

டெபிட்டில் இருப்பது கோபத்தின் ‘ப’. டெபாசிட்டில் இருப்பது அப்பாவின் ‘ப’. பணம் போனால் கோபம் வரும்; பணம் வந்தால் “அப்பாடா” என்று இருக்கும். இப்படிச் சொன்னதும் அந்தக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அடுத்த வாரம் போய்க் கேட்டபோது பன்னிரண்டு பேரில் ஒருவரும் மறக்கவில்லை.

கண்ணால் பார்த்தும் பிரிக்கலாம். பெரிய எழுத்தில் கோபத்து ‘பி’க்கு இரண்டு வயிறு, அப்பா ‘பி’க்கு ஒரு வயிறு. மெசேஜில் வரும் சின்ன எழுத்தில் கோபத்து ‘பி’க்குக் குச்சி மேலே நிற்கும், அப்பா ‘பி’க்குக் குச்சி கீழே தொங்கும். ஆளுக்கு ஒரு தடவை மண்ணில் எழுதிப் பாருங்கள்.

டெபிட்டுக்கு எதிர்ச்சொல் ‘கிரெடிட்’, அதாவது வரவு. கடனையும் ‘கிரெடிட்’ என்று சொல்வார்கள். நம்புவது என்ற பொருளுள்ள ஒரு பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. நம்பித்தானே கடன் கொடுக்கிறோம்! நம் குழுவிலும் அப்படித்தான். மெசேஜில் ‘கிரெடிட்டட்’ என்று இருந்தால் பணம் கணக்கில் ஏறியது. சில பாஸ்புக்கில் ‘சி.ஆர்.’, ‘டி.ஆர்.’ என்று இரண்டு எழுத்து மட்டும் இருக்கும். முன்னது வரவு, பின்னது பற்று.

‘டெட்’ என்று ஒரு சொல் உண்டு, கடன் என்று பொருள். எழுதும்போது நடுவில் கோபத்து ‘பி’ இருக்கும், சொல்லும்போது அது ஊமை. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தபோது அந்த எழுத்து இதில் கிடையாது. பிறகு படித்தவர்கள், இதற்கு லத்தீன் மூலம் உண்டு என்று காட்ட எழுத்தை மட்டும் நுழைத்தார்கள். வாய் மாறவில்லை. ‘ரசீது’க்கு இங்கிலீஷில் சொல்லும் ‘ரிசீட்’டிலும் இப்படி ஒரு அப்பா ‘பி’ ஊமையாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே எழுத்துக்கூட்டி வாசித்து உச்சரிப்பு தப்பாகப் போனால் வெட்கப்பட வேண்டாம். தப்பு அந்த எழுத்துமுறையில் இருக்கிறது. பிறர் சொல்லக் காதால் கேட்டுத்தான் இதைப் பிடிக்க முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ‘பேங்கு’, ‘லோனு’, ‘இஸ்கூலு’ என்று நாம் பேசுவதைக் கேட்டு வீட்டில் பிள்ளைகள் கேலி செய்வதாகச் சில சகோதரிகள் சொன்னார்கள். தமிழ் பேசும்போது தமிழ் வாய்க்குத் தக்கபடி சொல்வது குற்றமே இல்லை. நம் ‘கட்டுமரம்’ அங்கே போய் ‘கேட்டமரான்’ ஆகியிருக்கிறது, ‘சுருட்டு’ ‘ஷெரூட்’ ஆகியிருக்கிறது. அவர்கள் யாரும் வெட்கப்படவில்லை. பணமும் பொருளும் மாறிப்போகும் இடத்தில் மட்டும் உச்சரிப்பைப் பார்த்தால் போதும் என்பது எங்கள் கருத்து.

அப்படிப்பட்ட இடம் ஒன்று எண்கள். 13 ‘தர்ட்டீன்’, 30 ‘தர்ட்டி’. 15 ‘ஃபிஃப்டீன்’, 50 ‘ஃபிஃப்டி’. ‘டீன்’ என்று நீண்டு மூக்கில் முடிந்தால் பதின்மூன்றிலிருந்து பத்தொன்பதுக்குள் ஒன்று. ‘டி’ என்று சட்டென நின்றால் முப்பது, நாற்பது என்று பத்துப் பத்தாகப் போகும் எண். குறில், நெடில் பிரித்துப் பேசுவதில் தமிழச்சிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘பல்’லையும் ‘பால்’ஐயும் நாம் குழப்புவதில்லையே. கவுன்டரில் இருப்பவர் வேகமாகச் சொல்லி, காதில் சரியாக விழவில்லை என்றால், “ஒன் ஃபைவா சார், ஃபைவ் ஸீரோவா?” என்று கேளுங்கள். கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை. படித்த அலுவலர்களே போனில் இப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஐஎஃப்எஸ்சி கோடு எழுதும்போதும் கவனம் வேண்டும். அதில் மொத்தம் 11 இடம். முதல் நான்கு இடம் வங்கியைக் குறிக்கும் எழுத்து. ஐந்தாவது இடத்தில் இருப்பது ‘ஓ’ என்ற எழுத்து இல்லை, பூஜ்யம். வட்டமாக இருப்பதைப் பார்த்து எழுத்தாக எழுதிக் கொடுத்து, விண்ணப்பம் திரும்பி வந்த குழுக்கள் உண்டு.

அடுத்து நமக்குப் பழகிய சொல்லே ஏமாற்றும் இடம். ‘ஓவர்’ என்றால் நம் பேச்சில் முடிந்தது. “மேட்டர் ஓவர்” என்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘ஓவர்டியூ’ என்ற சொல்லை “டியூ முடிஞ்சிருச்சு” என்று புரிந்துகொண்டு நிம்மதியாக இருந்த ஒரு குழுவை எங்களுக்குத் தெரியும். ‘டியூ’ என்றால் கட்ட வேண்டியது. ‘ஓவர்டியூ’ என்றால் கட்ட வேண்டிய தேதி தாண்டியும் கட்டாமல் நிற்பது. நேர் எதிர்! ‘இன்ட்ரெஸ்ட்’ என்றால் வட்டி. “படிப்பில் இன்ட்ரெஸ்ட்” என்னும்போது ஆர்வம். ‘பிரின்சிபல்’ பள்ளிக்கூடத்தில் முதல்வர், கடன் தாளில் அசல். சொல் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் பொருள் எடுக்க வேண்டும். தனிச் சொல்லாக மனப்பாடம் செய்தால் இந்த இடத்தில் காலை வாரிவிடும்.

ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு நாலு சொல்லைப் பிடிக்கிற வழியும் உண்டு. ‘டிரெய்னர்’ பயிற்சி தருபவர், ‘டிரெய்னீ’ பயிற்சி பெறுபவர். ‘பேயர்’ பணம் தருபவர், ‘பேயீ’ பணம் பெறுபவர். ‘அர்’ என்று முடிந்தால் செய்பவர். ‘ஈ’ என்று முடிந்தால் அந்தச் செயல் வந்து சேருகிற ஆள். இப்போது ‘நாமினீ’ என்பதை நீங்களே சொல்லிவிடலாம். நமக்குப் பிறகு கணக்கில் உள்ள பணத்தை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ள நாம் பெயர் எழுதிக் கொடுத்த ஆள். உங்கள் கணக்கில் நாமினீ பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். இல்லை என்றால் வங்கியில் கேட்டுப் பதிந்துவிடுங்கள்.

கடன் தாளில் கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு சொல் இருக்கும். “சும்மா ஒரு கையெழுத்துதான்க்கா, போடுங்க” என்று யார் சொன்னாலும் அந்தச் சொல்லை வாசிக்காமல் போடாதீர்கள். ‘விட்னஸ்’ என்றால் சாட்சி. ‘கேரன்டர்’ என்றால் ஜாமீன்தாரர். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் உங்களைக் கேட்பார்கள். ‘கோ-பாரோயர்’ என்றால் கூட்டுக் கடனாளி. கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு உங்களுக்கும் உண்டு. மைத்துனருக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ போடும்போதும் இதேதான். மூன்று சொல்லுக்கும் ஒரே கோடுதான் போட்டிருப்பார்கள், ஒரே பேனாவில்தான் எழுதுகிறோம். ஆனால் ஒன்றில் ஒரு நாள் வேலையோடு போகும், இன்னொன்றில் காதுத் தோடு போகும்.

எப்படிப் படிப்பது என்று கேட்கிறீர்கள். முப்பது நாளில் இங்கிலீஷ் என்று பஸ் ஸ்டாண்டில் விற்கும் புத்தகங்களை எங்களில் சிலரும் வாங்கியவர்கள்தான். பத்துப் பக்கம் தாண்டியதில்லை. ‘சிங்கம்’, ‘ஒட்டகம்’ என்று தொடங்கினால் நம் கையில் அவை எப்போது வரப்போகின்றன? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஏறி மிதித்துத்தான் கற்றுக்கொண்டார்கள். சொல்லும் அப்படித்தான். வந்த மெசேஜ், வந்த பில், வந்த பாரம் என்று கையில் வருவதிலிருந்து எடுங்கள்.

ஒரு கூட்டத்துக்கு மூன்று சொல் போதும். சந்தா வசூல் முடிந்ததும் ஐந்து நிமிஷம். சொல்லை எங்கே பார்த்தோம், எப்படிச் சொல்ல வேண்டும், என்ன பொருள் என்று ஒரு நோட்டில் எழுதி, ஆளுக்கு ஒரு வாக்கியம் தமிழ் கலந்தே சொல்ல வேண்டும். “என் கணக்குல 300 ரூபா டெபிட் ஆயிருக்கு” என்றால் போதும். அடுத்த வாரம் புதுச் சொல்லுக்கு முன்னால் பழைய மூன்றையும் கேட்க வேண்டும். இதை விட்டுவிட்டால் எல்லாம் போச்சு. வாரம் தவறாமல் செய்தால் வருஷத்தில் 156 சொல். உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பெரிய செல் இருந்தால் கூகுள் டிரான்ஸ்லேட்டில் சொல்லைப் போட்டு, ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் அதுவே சொல்லிக் காட்டும். ஒரு சொல்லை நாலு தடவை கேட்டுவிட்டு, பிறகு வாயைத் திறங்கள்.

வயதான சகோதரிகள் “எங்களுக்கு இனிமே எதுக்கு” என்கிறார்கள். பென்ஷன் பணம் வருகிற கணக்கு உங்களுடையதுதானே அம்மா? ‘டெபிட்’, ‘கிரெடிட்’ இரண்டு மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதை மருமகள் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த மாதப் பயிற்சி: கூட்டத்துக்கு வரும்போது வங்கியிலிருந்து கடைசியாக வந்த மெசேஜை எடுத்து வாருங்கள். ஓடிபி, பின் நம்பர் எதையும் யாருக்கும் காட்ட வேண்டாம், எங்களுக்கும்தான். கீழே உள்ள மூன்றையும் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பணம் வந்ததா, போனதா, இன்னும் கட்ட வேண்டியிருக்கிறதா என்று சொல்லுங்கள். பதிலைத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள், களப்பணியாளர் வரும்போது பார்ப்பார்.

‘யுவர் அக்கவுண்ட் இஸ் கிரெடிட்டட் வித் ருபீஸ் 1,200.’

‘ருபீஸ் 500 டெபிட்டட் ஃப்ரம் யுவர் அக்கவுண்ட்.’

‘யுவர் லோன் இன்ஸ்டால்மென்ட் ஆஃப் ருபீஸ் 2,050 இஸ் ஓவர்டியூ.’

அடுத்த இதழில் மாத்திரை அட்டையை வாசிக்கப் பழகுவோம். வீட்டில் தீர்ந்துபோன அட்டை இருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள்.