ஞானப்பல்: எடுப்பதா, இருக்க விடுவதா?

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 17 வயது முதல் 25 வயதுக்குள் கடைவாயின் கோடியில் முளைக்கும் பல்லை நம் மக்கள் ஞானப்பல் என்று சொல்கின்றனர். அரபியிலும் இதற்கு ‘ளிர்ஸுல் அக்ல்’, அதாவது அறிவின் பல் என்றே பெயர். அறிவு முதிரும் வயதில் முளைப்பதால் இப்பெயர் வந்ததே தவிர, பல்லுக்கும் அறிவுக்கும் யாதொரு தொடர்பும் கிடையாது. சிலருக்கு நான்கும் முளைக்கும். சிலருக்கு ஒன்றிரண்டே உண்டாகும். சிலருக்கு அறவே உண்டாவதில்லை.

தாடையில் இடம் போதாதபோது இப்பல் நேராக வெளிவர முடியாமல் எலும்புக்குள்ளோ ஈறுக்குள்ளோ சிக்கிக் கொள்கிறது. பெரும்பாலும் முன்னால் இருக்கும் பல்லின்மேல் சாய்ந்து நிற்கும். சில வேளைகளில் முழுவதும் படுத்துக் கிடக்கும். இத்தகைய பல்லை எடுத்துவிடுவதா, இருக்க விடுவதா என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுகின்றது. அச்சத்தால் எடுக்க வேண்டியதையும் தள்ளிப் போடுவோர் ஒரு சாரார். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தொல்லை தராத பல்லையும் எடுக்கத் துடிப்போர் மறு சாரார். இவ்விரண்டையும் எம் குடும்பத்திலேயே கண்டோம். அதனால்தான் இதனை எழுத முற்பட்டோம்.

எம் வீட்டில் நடந்தது

எம் தமையனார் மகனுக்கு அப்போது வயது 24. கீழ்த்தாடையில் பாதி முளைத்த ஞானப்பல். ஒரே வருடத்தில் மூன்று முறை ஈறு வீங்கி வலித்தது. மூன்று முறையும் கிராம்பை வைத்து அழுத்தினார்; மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை இரண்டு நாள் விழுங்கினார்; வலி அடங்கியதும் மறந்து போனார். நான்காம் முறை வலி வந்தபோது ரமளான் பிறை பத்து. ‘பெருநாள் கழியட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்’ என்று அவருக்குச் சொன்னவர்களில் நாமும் ஒருவர். பிறை இருபதில் அவரால் வாயை ஒரு விரல் அளவுக்குமேல் திறக்க முடியவில்லை. தாடைக்குக் கீழே வீங்கிக் கல்லைப்போல் இறுகிவிட்டது. எச்சிலை விழுங்கவும் இயலவில்லை. இரவோடு இரவாக மருத்துவமனையில் சேர்த்தோம். தாடைக்கடியில் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். ஆறு நாட்கள் அங்கிருந்தார். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார். மூன்றாம் வலியோடு அப்பல்லை எடுத்திருந்தால் இத்தனையும் நேர்ந்திராது என்று டாக்டர் சொன்னபோது எமக்குத் தலை நிமிரவில்லை.

இதைக் கண்டு கலங்கிய அவருடைய தாயார், 21 வயது மகளையும் உடனே பல் டாக்டரிடம் அழைத்துச் சென்றார். எக்ஸ்ரேயில் அப்பெண்ணுக்கும் இரண்டு ஞானப்பற்கள் எலும்புக்குள் புதைந்திருப்பது தெரிந்தது. வலி இல்லை; வீக்கம் இல்லை; முன் பற்களில் சொத்தையும் இல்லை. எனினும் ‘கல்யாணத்துக்கு முன் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள்’ என்று தாயார் கேட்டார். அண்ணனுக்கு ஏற்ற தீர்ப்பு தங்கைக்கும் ஏற்றதுதானா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

மார்க்கத்தின் பார்வை

நம் உடல் நமக்குச் சொந்தமானதன்று. அல்லாஹ் ஒப்படைத்த அமானத். நோய் வந்தால் மருந்து செய்து கொள்ள நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை ஏவியிருக்கின்றார்கள். ஆகவே வைத்தியம் செய்வது தவக்குலுக்கு மாற்றமன்று. அதேபோல், தேவையின்றி உடலின் ஓர் உறுப்பைச் சேதப்படுத்தவும் நமக்கு உரிமை கிடையாது. நோயோ, நோய் வருமென்பதற்குத் தக்க அடையாளமோ இருந்து, நம்பத்தகுந்த மருத்துவர் சொன்னால் பல்லை எடுப்பதில் குற்றமில்லை. வெறும் பயத்துக்காக எடுப்பதுதான் யோசிக்கத் தக்கது.

எப்போது எடுக்க வேண்டும்?

பாதி முளைத்த பல்லின்மேல் ஈறு ஒரு மூடியைப்போல் கிடக்கும். அதனடியில் உணவுத் துணுக்குகள் தங்கி, கிருமிகள் பெருகி, ஈறு வீங்குகின்றது. முதல் தடவை இலேசாக வந்தால் சுத்தம் செய்து குணப்படுத்தலாம். முதல் தடவையே கடுமையாக வந்தாலும், இலேசானது மீண்டும் வந்தாலும் பல்லை எடுப்பதே முறை. மேலும், சரி செய்ய முடியாத சொத்தை, முன் பல்லையும் அரிக்கும் சொத்தை, சீழ்க்கட்டி, பல்லைச் சுற்றி எலும்புக்குள் உருவாகும் நீர்க்கட்டி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும் எடுக்க வேண்டியதுதான்.

எப்போது விட்டு வைக்கலாம்?

முன்னர் பல நாடுகளில் புதைந்த ஞானப்பல் என்றாலே எடுத்துவிடும் வழக்கம் இருந்தது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் ‘நைஸ்’ எனப்படும் அரசு மருத்துவ வழிகாட்டு நிறுவனம், நோயற்ற புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக எடுப்பதை நிறுத்தும்படி அறிவித்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் ‘காக்ரேன்’ அமைப்பும், இத்தகைய பற்களை எல்லோருக்கும் எடுத்துவிட வேண்டும் என்பதற்கோ, கூடாது என்பதற்கோ போதிய சான்று இல்லை என்றே 2020இல் மீண்டும் கூறியது. அதே வேளையில், விட்டு வைத்த சிலருக்கு நடுவயதில் முன் பல்லின் பின்புறம் சொத்தை விழுவதையும் பல் மருத்துவர்கள் சுட்டிக் காட்டுகின்றனர். எனவே ‘விட்டு வைப்பது’ என்பதற்கு ‘மறந்து விடுவது’ என்பது பொருளன்று. ஆண்டுக்கு ஒரு முறையேனும் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்லும்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே அதன் பொருள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

கூச்சப்படாமல் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. இப்போது இப்பல்லில் என்ன நோய் இருக்கிறது? எக்ஸ்ரேயில் எமக்குக் காட்டுங்கள்.

2. விட்டு வைத்தால் என்ன நேரலாம்? எத்தனை நாளைக்கொரு முறை வந்து காட்ட வேண்டும்?

3. பல்லின் வேர் தாடை நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால் கீழுதடும் முகவாயும் மரத்துப் போகும். நாக்கு நரம்பு பாதிக்கப்பட்டால் நாக்கின் ஒரு பக்கம் மரக்கும். பெரும்பாலும் இது சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நிலையாக நிற்பது மிக அரிது. ஆனால் அறவே நிகழாது என்று சொல்ல முடியாது. வேர் நரம்பை ஒட்டியிருந்தால், பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து வேரை விட்டுவிடும் முறையும் உண்டு.

4. இப்போது எடுப்பதற்கும் பத்தாண்டு கழித்து எடுப்பதற்கும் என்ன வேறுபாடு? வயது ஏற ஏற எலும்பு இறுகும். புண் ஆறவும் தாமதமாகும். இதையும் தராசில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சர்க்கரை நோய், இரத்தத்தை இளக்கும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து, கர்ப்பம் ஆகியவை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. பெண்கள் பெண் டாக்டரிடம் செல்வது மேலானது. பல் மருத்துவத்தில் இன்று பெண்கள் நிறையவே இருக்கின்றனர். கிடைக்காவிடில், மஹ்ரமானவருடன் ஆண் டாக்டரிடம் செல்லத் தடையில்லை. பணவசதி இல்லாதோர் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளை நாடலாம்.

மஷூரா செய்த பின்னர் இஸ்திகாராத் தொழுகையும் தொழுது கொள்ளுங்கள். ஆனால் எக்ஸ்ரே எடுக்காமலிருப்பதற்கு இஸ்திகாராவைச் சாக்காக்க வேண்டாம்.

இரு தவறான எண்ணங்கள்

மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று நம் உம்மம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது சரியன்று. கண்ணின் பார்வை நரம்பு வேறு. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு. ஞானப்பல் நெருக்குவதால்தான் முன்பற்கள் கோணலாகின்றன, ஆகவே அதை எடுக்க வேண்டும் என்பது மற்றோர் எண்ணம். முன்பற்களின் அழகுக்காக மட்டும் ஞானப்பல்லை எடுப்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஒளு, தொழுகை, நோன்பு

பல்லை எடுத்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். அதுவே புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளிப்பட்டு, இரண்டு மூன்று நாட்களில் தாங்கொணா வலி உண்டாகும். இதனால்தான் முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவும் காறித் துப்பவும் வேண்டாம் என்கின்றனர். நம்மவர்களோ ஒவ்வோர் ஒளுவிலும் மூன்று முறை பலமாகக் கொப்பளித்துப் புண்ணைக் கெடுத்துக் கொள்கின்றனர். ஒளுவில் வாய் கொப்பளிப்பது ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் சுன்னத்தே, பர்ளு அன்று. அன்று ஒரு நாள் அதை விட்டுவிடலாம். அல்லது தண்ணீரை மெல்ல வாயில் ஏந்தித் தானாக வழிய விடலாம். கடமையான குளிப்பில் வாய்க்குள் நீர் செலுத்துவது ஹனஃபிகளுக்குப் பர்ளு ஆதலால், அவர்களும் இவ்வாறே மெல்லச் செய்து கொள்ளலாம். அதுவும் தீங்கு என்று டாக்டர் சொன்னால் ஆலிமிடம் கேட்டுக் கொள்க.

வாயிலிருந்து வரும் இரத்தம் எச்சிலுக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் ஹனஃபி மத்ஹபில் ஒளு முறியும். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. ஆனால் இரத்தம் நஜீஸ் ஆதலால் அதை விழுங்கக் கூடாது. துப்பவும் கூடாதே என்று திகைக்க வேண்டாம். சுத்தமான துணியில் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். லுஹர் தொழுதுவிட்டுப் பல் டாக்டரிடம் சென்றால், பெரும்பாலும் அஸர் நேரம் முடிவதற்குள் இரத்தம் அடங்கிவிடும். குனிந்தால் இரத்தம் பெருகும் என்று டாக்டர் தடுத்தால், இயன்ற அளவு மட்டும் குனிந்து தொழுது கொள்ளலாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரால் மெல்ல அலம்பலாம். மிஸ்வாக்கைப் புண் இருக்கும் பக்கம் ஒரு வாரத்துக்குக் கொண்டு செல்லாமல், மற்றப் பற்களில் பயன்படுத்துக. புகைப்பவர்கள் இதைக் காரணமாகக் கொண்டேனும் அதை விட்டொழிக்கட்டும். புகை அப்புண்ணுக்குப் பெரும் பகை.

இனி நோன்பு. ஈறில் போடும் மரப்பு ஊசியால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பெரும்பாலோரின் கருத்து. ஆனால் இரத்தமோ மருந்தோ தொண்டைக்குள் இறங்கக்கூடும் என்பதால், அவசரமில்லாத பல்லை இஃப்தாருக்குப் பின்னரோ ரமளான் கழித்தோ எடுப்பது பேணுதலாகும். வீக்கமும் காய்ச்சலும் உள்ளவர் காத்திருக்கக் கூடாது. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய அல்லாஹ் சலுகை தந்திருக்கின்றான். அந்தச் சலுகையை ஏற்பதும் அடிமைத்தனமே. நாம் எம் தமையனார் மகனுக்கு இதைச் சொல்லத் தவறினோம்.

உடனே மருத்துவமனைக்கு

தாடைக்கடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவுதல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், காய்ச்சலுடன் கூடிய நடுக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், நடு இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கிராம்பும் கைவைத்தியமும் அப்போது உதவா. எழுதித் தந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதும், முன்பு மீந்ததை எடுத்து விழுங்குவதும் ஆபத்தானவை.

தங்கையின் விஷயம் என்னவாயிற்று? மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் டாக்டரிடம் கேட்டோம். வேர் நரம்பை ஒட்டியிருப்பதையும், இப்போது நோய் ஏதும் இல்லாததையும் காட்டினார். குடும்பத்தார் கலந்து பேசி விட்டு வைத்தோம். நிக்காஹ் நடந்து, இன்று அவர் ஒரு குழந்தைக்குத் தாய். ஆண்டுதோறும் தவறாமல் காட்டி வருகிறார். என்றேனும் டாக்டர் ‘எடுக்க வேண்டும்’ என்றால் அன்றே எடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறார்.

ஒரே வீட்டில், ஒரே வகைப் பல்லுக்கு, ஒருவருக்கு எடுப்பது கடனாயிற்று. மற்றவருக்குப் பொறுப்பது நலமாயிற்று. ஆகவே பக்கத்து வீட்டாருக்குச் செய்ததை நமக்கும் செய்யச் சொல்லாமல், நம் பல்லின் நிலையைக் கேட்டறிந்து முடிவு செய்வோமாக. காரணங்களைத் தேடுவது நம் கடமை. ஷிஃபாவை அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. நம் அனைவருக்கும் அவன் உடல் நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.