ஒட்டுண்ணிக் கலப்பில் இறங்கும் பிள்ளைகளுக்கு

காஞ்சிபுரத்தில் விலங்கியல் படித்துவிட்டு மலேரியா ஆராய்ச்சிக்குக் கிளம்பும் பிள்ளைகளே, இவற்றை மனசில் வையுங்கள்.

1. ஒட்டுண்ணிகள் கூடுவது கொசுவின் வயிற்றில். நம் ரத்தத்தில் இருக்கும்போது அவற்றுக்கு ஒவ்வொரு மரபணுவும் ஒற்றைப் பிரதிதான். ஒன்றை இன்னொன்று மறைக்க வழியில்லை. பெற்ற குணம் அப்படியே தெரியும்.

2. இரண்டு வகையைக் கலந்து கொசுவுக்கு ஊட்டினால் பிறப்பதெல்லாம் கலப்பு என்று நம்பிவிடாதீர்கள். ஒரே வகைக்குள்ளேயே ஆணும் பெண்ணும் உண்டு. ஒவ்வொரு குளோனையும் பிரித்து, மரபணு அடையாளம் பார்த்த பிறகே அடுத்த வேலை.

3. சேலையில் உடல் நிறம் முடிந்து முந்தி நிறம் தொடங்குகிற மாதிரி, குரோமோசோமிலும் ஒரு பெற்றோரின் துண்டு முடிந்து மற்றவரின் துண்டு தொடங்கும். அந்த எல்லைகள்தான் உங்களுக்குத் தடயம். கலப்பில் பிறந்த குளோன்கள் அதிகமானால் எல்லைகளும் அதிகமாகும்.

4. குளோரோகுயின் கதையை நன்றாகப் படியுங்கள். மருந்துக்கு மடியும் ஹோண்டுராஸ் வகை எச்பி3, மடியாத இந்தோசீன வகை டிடி2. இவற்றின் கலப்பில் பிறந்த 16 குளோன்களை தாமஸ் வெல்லம்ஸ் குழு 1990இல் ஆராய்ந்தது. அதுவரை சந்தேகிக்கப்பட்ட எம்டிஆர்1 மரபணுவோடு எதிர்ப்புக் குணம் சேர்ந்து போகவில்லை. தேடல் ஏழாம் குரோமோசோமுக்கு நகர்ந்து, 1997இல் 36,000 டிஎன்ஏ எழுத்து நீளத்துக்குச் சுருங்கியது. அங்கிருந்த சிஜி2 மரபணு அழகாகப் பொருந்தியது. ஆனால் அதை மாற்றிப் பார்த்தபோது எதிர்ப்பு அசையவில்லை. 13 துண்டுகளாகச் சிதறிக் கிடந்ததால் கண்ணுக்குத் தப்பிய பக்கத்து மரபணு பிஎஃப்சிஆர்டி 2000இல்தான் பிடிபட்டது. எவ்வளவு பொருந்தினாலும், மரபணுவை மாற்றிச் சோதிக்காமல் பெயர் சொல்லாதீர்கள்.

5. குணத்தை அளப்பதில் சோம்பல் கூடாது. அளவு பிசகினால் தேடும் இடமே பிசகும்.

6. முன்பு ஃபால்சிபாரம் என்னும் மலேரியா ஒட்டுண்ணியைக் கலக்க மண்ணீரல் நீக்கிய சிம்பன்சிகளைப் பயன்படுத்தினார்கள். மனசு கனக்கும் வேலை அது. இன்று மனிதக் கல்லீரல் செல்கள் ஏற்றிய எலிகளிலேயே செய்ய முடிகிறது, அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

7. நம் நாட்டில் குளோரோகுயின் எதிர்ப்பு முதலில் பதிவானது 1973இல், அசாமில். இந்திய ஃபால்சிபாரத்தில் பரவலாக உள்ள பிஎஃப்சிஆர்டி வடிவம் பிரேசிலின் 7ஜி8 வகையிலும் இருக்கிறது. அந்த 7ஜி8ஐக் கானாவின் ஜிபி4 வகையுடன் கலந்த ஆய்வுகளை முதலில் படியுங்கள். சென்னையில் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளரும் கொசு பரப்புவதோ பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி. அதை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கவே இன்னும் வழி பிறக்கவில்லை. துணிச்சல் உள்ளவர்கள் அந்த வேலையை எடுங்கள்.