கீரி கடித்த கோழி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

வீட்டுக் கோழியைக் கீரியோ நாயோ கவ்வி, அது எப்படியோ உயிரோடு மீண்டுவிட்டால் கிராமத்தில் இரண்டே வழிகள்தாம். உடனே அறுத்துக் குழம்பு வைப்பது ஒன்று. மஞ்சளைக் குழைத்துப் பூசிப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு, 'பிழைத்தால் பிழைக்கட்டும்' என்று விட்டுவிடுவது மற்றொன்று. கோழிக்கு வைத்தியமா என்று சிரிப்பவர்களும் உண்டு. அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும் ஒரு நல்ல பெட்டையின் அருமை, முட்டை விற்ற காசில் நோட்டுப் புத்தகம் வாங்கிய வீடுகளுக்குத்தான் தெரியும்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பெட்டையை வைக்கோற்போரின் அடியில் கீரி பிடித்தது. என் தாயார் கூச்சலிட்டு ஓடவே விட்டுவிட்டு ஓடிற்று. முதுகில் நான்கு விரல் அகலத்துக்குத் தோல் கிழிந்து தொங்கியது. இறக்கைக்கு அடியில் இரண்டு சிறு பல் துளைகள். "காலேசுல இதெல்லாந்தானே படிக்கிறே? நீயே பாரு" என்று கோழியை என் கையில் கொடுத்துவிட்டார்.

முதுகுக் காயத்தை மிகுந்த அக்கறையோடு கழுவினேன். துளைகளைப் பொருட்படுத்தாமல், மேலாக மருந்து தடவிப் பிளாஸ்திரி ஒட்டினேன். ஐந்தாம் நாள் கோழி தீனி எடுக்கவில்லை. பெரிய காயம் சுத்தமாக இருந்தது. இறக்கையடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கெட்டி வீக்கம். கால்நடை மருத்துவர் அதைக் கீறி, பாலாடைக் கட்டி போன்ற மஞ்சள் உருண்டை ஒன்றை எடுத்தார். "திறந்த புண்ணைக் காற்று பார்த்துக்கொள்ளும், மூடிய புண்ணை யார் பார்ப்பது?" என்று கேட்டார்.

அந்த உருண்டைதான் சீழ். மனிதனுக்குச் சீழ் நீராக வடிவதற்கு, வெள்ளணுக்களில் உள்ள நொதிகள் இறந்த திசுவைக் கரைப்பது காரணம். பறவைகளில் அவ்வேலையைச் செய்யும் ஹெட்டிரோபில் அணுக்களில் அத்தகைய நொதிகள் சில இல்லை. ஆகவே சீழ் கரையாமல் கெட்டிப்பட்டு உள்ளேயே தங்கிவிடுகிறது. வடியவில்லையே என்று நாம் மகிழ்ந்திருக்க, கிருமி உள்ளே பெருகும். பூனை, நாய் முதலியவற்றின் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டுரெல்லா மல்ட்டோசிடா என்னும் பாக்டீரியா, பல்லோடு சேர்ந்து ஆழத்தில் இறங்கக்கூடியது. 1879இல் லூயி பாஸ்டர் ஆராய்ந்த கோழிக் காலராவுக்குக் காரணமும் இதுவே. எனவே பூனை கவ்விய கோழிக்குத் துளை எவ்வளவு சிறிதாயினும் மருத்துவரிடம் காட்டி உயிர் எதிர்ப்பு மருந்து கேட்பதே முறை. அவர் சொல்லும் நாள்வரை அதன் முட்டையை உண்ணலாகாது.

முதலில் செய்ய வேண்டியது மருந்திடுவதன்று, குருதியை நிறுத்துவது. ஒன்றரைக் கிலோ கோழியின் உடலில் உள்ள மொத்தக் குருதியே ஏறத்தாழ 100 மில்லி லிட்டர்தான். சுத்தமான துணியால் சில நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். ஆனால் மார்பை இறுக்கக் கூடாது. பறவைக்கு உதரவிதானம் இல்லை; மார்பெலும்பு அசைந்தால்தான் அது மூச்சுவிட முடியும். பிறகு இருட்டான, வெதுவெதுப்பான இடத்தில் தனியே விட வேண்டும். சிவந்த புண்ணைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். நீரை வாயில் ஊற்றுவது பெருந்தவறு. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்திருப்பதால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். தானே குடிக்கும்படி கிண்ணத்தை அருகில் வைத்தால் போதும். குடித்த நீர் கழுத்தடிக் காயத்தின் வழியே கசிந்தால் தீனிப்பை கிழிந்திருக்கிறது என்று பொருள்; அதற்குத் தையல்தான் வழி.

கழுவுவதற்குக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய தேக்கரண்டியால் ஒன்றரை போதும். சுற்றியுள்ள இறகுகளைப் பிடுங்காமல் கத்தரிக்க வேண்டும். கோழித்தோல் காகிதம்போல் கிழியும். வெளிறிய தேயிலைத் தண்ணீரின் நிறத்துக்குக் கரைத்த பொவிடோன் அயோடினைப் பயன்படுத்தலாம். மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம். அவை நல்ல திசுவையும் சுட்டுவிடும். மஞ்சளை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் கழுவாத புண்ணின்மேல் அப்பிய மஞ்சள் அழுக்குக்குப் போட்ட மூடிதான். கோடையில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வந்துவிடும். பஞ்சாரத்தின்மேல் பழைய கொசுவலையைப் போர்த்தினோம். காலையும் மாலையும் புண்ணை முகர்ந்து பார்ப்பது என் தாயாரின் வேலை. நாற்றத்தை அவர் என்னைவிட முன்னதாகக் கண்டுபிடித்தார்.

கீரி பகலில் வேட்டையாடுவது. மாலையில் அடைத்தால் மட்டும் போதாது. கண்ணி வைக்கலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கீரியைக் கொல்வதைத் தடுக்கிறது என்பதைச் சொல்லி, வைக்கோற்போரைத்தான் கோழிக்கூட்டிலிருந்து தள்ளிப் போட்டோம்.

முதுகுக் கிழிசல் ஒரு மாதத்தில் ஆறியது. இறக்கையடியில் அந்தச் சிறு துளை இருந்த இடத்தில் இன்னும் ஒரு தழும்பு கைக்குத் தட்டுப்படுகிறது.