கண்டும் காணாதவை

இருபெரு வேந்தர் களத்தில் எதிர்நின்று பொருங்கால் சூடும் பூ தும்பை என்று இலக்கண வகுப்பில் ஆசிரியர் கூறுகிறார். பூத்த செடி ஒன்றையும் பறித்துக் காட்டுகிறார். மாலையில் வீடு திரும்பும் மாணவன் வரப்பிலும், வேலியோரத்திலும், கோயில் மதிற்புறத்திலும் தும்பையையே காண்கிறான். “நேற்றுவரை இத்துணைத் தும்பை இல்லையே!” என வியக்கிறான். தும்பை ஓரிரவில் பெருகிவிடவில்லை. அதுகாறும் கண்ணிற்பட்டும் கருத்திற்படாதிருந்தது, பெயர் அறிந்தபின் கருத்திலும் பட்டது. இவ்வியப்பை வகுப்பிற் பன்முறை கண்டு மகிழ்ந்திருக்கிறேன்.

ஒன்றை அறிந்ததும் மனம் அதனைத் தேடத் தொடங்குகிறது. காணுந்தோறும் ‘இதோ மற்றொன்று’ எனக் கணக்கிற் சேர்க்கிறது. காணாத இடங்களையோ எண்ணுவதில்லை. ஆர்னால்டு சுவிக்கி என்னும் அமெரிக்க மொழிநூலறிஞர், 2005ஆம் ஆண்டில், அடிக்கடி நிகழ்வதாகத் தோன்றும் மயக்கம் என்று பொருள்பட இதற்குப் பெயரிட்டார். தாம் அண்மையிற் கவனித்த வழக்கை அண்மையில் தோன்றியதாகவே கொள்ளும் மயக்கத்தையும் அவர் உடன் குறித்தார். யானும் ஒரு சொல்லாட்சியை இக்காலத்துப் பிழையென்று பல்லாண்டு கடிந்து, பின்னர்ப் பழைய உரையொன்றில் அதனைக் கண்டு நாணியதுண்டு.

பூவோடும் சொல்லோடும் நின்றால் தீங்கு பெரிதன்று. இம்மயக்கம் அச்சத்தோடு கூடினால் ஒரு நகரையே கலக்கிவிடும்.

1954ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அமெரிக்காவின் வடமேற்கே வாஷிங்டன் மாநிலத்துப் பெல்லிங்காம் என்னும் ஊரில், மோட்டார் வண்டிகளின் முன்கண்ணாடியிற் சிறுகுழிகள் தோன்றுவதாகப் பேச்சு எழுந்தது. ஏப்ரல் 14ஆம் நாள் அது சியாட்டில் நகரை எட்டியது. மக்கள் தத்தம் வண்டியை ஓடி நோக்கினர், குழிகள் இருந்தன! மறுநாளைக்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் பழுதுற்றனவெனக் காவல் துறைக்கு முறையீடு சென்றது. மார்ச்சு 1ஆம் நாள்தான் பசிபிக் பெருங்கடலிற் பிக்கினித் தீவில் அமெரிக்கர் ஹைடிரஜன் குண்டைச் சோதித்திருந்தனர். அதன் சாம்பலே காரணம் எனப் பலர் அஞ்சினர். விண்கதிர் என்றார் சிலர். மணற்பூச்சியின் முட்டை என்றாரும் உளர். நகரத் தலைவர் ஆளுநர்க்கும் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் உதவி வேண்டித் தந்தி விடுத்தார்.

ஆராய்ந்தோர் கண்டது வேறு. பழைய வண்டிகளிற் குழிகள் மிகுதி, புதியவற்றிற் குறைவு. வானத்திலிருந்து சாம்பல் வீழ்ந்திருப்பின் இவ்வேறுபாடு ஏன்? சாலையில் தெறிக்கும் மணலும் பரலும் ஆண்டுக்கணக்கில் உண்டாக்கிய தழும்புகளே அவற்றுட் பெரும்பாலன. அந்நாள்வரை கண்ணாடியினூடே சாலையை நோக்கியவர்கள், அன்றுதான் கண்ணாடியையே நோக்கினர். குறும்பர் சிலர் கல்லெறிந்ததும் உண்டு, அது சிறுபான்மை.

ஏப்ரல் 17ஆம் நாள் காவல் துறைக்கு வந்த முறையீடுகள் 46, மறுநாள் 10, 19ஆம் நாள் ஒன்றுமில்லை. கண்ணாடியிலிருந்த குழிகளோ இருந்தபடியே இருந்தன.